கறுப்பின மக்களுக்கும் போலீஸுக்கும் நடுவில் சபையால் என்ன செய்ய முடியும்?

கேள்வி அமெரிக்காவில் உள்ள ஒரு தமிழ்க் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவரிடமிருந்து வந்தது. அண்ணனைச் சுட்டுக் கொன்ற பெண் போலீஸை டல்லாஸ் நீதிமன்றத்தில் தம்பி கட்டிப்பிடித்து மன்னித்த வீடியோவை அவர்கள் ஆராதனையில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். எல்லோரும் அழுதிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு ஒரு சந்தேகம். கறுப்பின மக்களுக்கும் போலீஸுக்கும் நடுவில் இருக்கும் பிளவைக் கிறிஸ்தவ விசுவாசம் நிஜமாகவே சரிசெய்யுமா? எங்காவது அப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1990-களில் பாஸ்டனில் நடந்தது. ஆனால் அது நடந்த விதத்துக்கும் நீங்கள் பார்த்த வீடியோவுக்கும் நிறைய தூரம். அதனால் முதலில் அந்த வீடியோவைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

2018 செப்டம்பர் 6 இரவு, போத்தம் ஜீன் என்ற 26 வயது இளைஞர் டல்லாஸில் தன் வீட்டில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செயின்ட் லூசியா தீவிலிருந்து படிக்க வந்தவர், கணக்காளர், சபையில் பாட்டு நடத்துகிறவர். கீழ்த்தளத்தில் குடியிருந்த ஆம்பர் கைகர் என்ற போலீஸ் அதிகாரி வேலை முடிந்து திரும்பியவர், மாடி மாறி வந்து, தன் வீடு என்று நினைத்து உள்ளே நுழைந்து, யாரோ திருடன் என்று அவரைச் சுட்டுவிட்டார். 2019 அக்டோபரில் கொலைக் குற்றம் உறுதியானது. 10 ஆண்டு சிறை. அப்போதுதான் 18 வயதுத் தம்பி பிராண்ட், கைகர் தன் வாழ்க்கையைக் கிறிஸ்துவுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே என் ஆசை என்று சொல்லி, நீதிபதியிடம் அனுமதி கேட்டு அவரைக் கட்டிப்பிடித்தார். நீதிபதி டாமி கெம்ப் தன் சொந்த பைபிளையே எடுத்துவந்து கைகரிடம் கொடுத்தார்.

அந்தப் பையனின் மன்னிப்பை நான் துளியும் சந்தேகப்படவில்லை. இறந்தது அவன் அண்ணன், மன்னிக்கிற உரிமை அவனுக்கு உண்டு. ஆனால் அதே நாளில் அவன் அம்மா அலிசன் ஜீன் பேசியதை நம் சபைகளில் யாரும் போட்டுக் காட்டுவதில்லை. மன்னிப்பு கிறிஸ்தவர்களாகிய எங்களுக்கு ஆறுதல், அதற்காக நாங்கள் பட்டதெல்லாம் கேட்பாரில்லாமல் போய்விடக் கூடாது, டல்லாஸ் நகரமும் போலீஸ் துறையும் தங்களைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அவர் வெறுமனே சொல்லவில்லை. சம்பவம் நடந்த இரவு கைகர் போலீஸ் காருக்குள் உட்கார்ந்திருந்தபோது, அந்தக் காரின் கேமராவை அணைத்துவிடும்படி போலீஸ் சங்கத் தலைவரே சொன்னது விசாரணையில் வெளியே வந்திருந்தது.

ஒரே குடும்பம், ஒரே விசுவாசம். தம்பி அணைத்தது உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது; அம்மா கேட்டது நீதிமன்ற வாசலோடு நின்றுவிட்டது. எரேமியா இதைத்தான் கண்டித்தார்: "சமாதானமில்லாதிருந்தும்: சமாதானம் சமாதானம் என்று சொல்லி, என் ஜனமாகிய குமாரத்தியின் காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள்."

சரி, பாஸ்டனுக்கு வருவோம்.

1989 அக்டோபரில் சார்ல்ஸ் ஸ்டுவர்ட் என்ற வெள்ளைக்காரர் தன் கர்ப்பிணி மனைவியைச் சுட்டுக் கொன்றுவிட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டு, ஒரு கறுப்பினத்தவன் செய்தான் என்று போலீஸிடம் சொன்னார். நகரமே நம்பியது. மிஷன் ஹில் பகுதியில் போலீஸ் இறங்கியது. கறுப்பின இளைஞர்களைக் கண்ட இடத்தில் நிறுத்தினார்கள். நடுத்தெருவில் உடையைக் கழற்றச் சொல்லிச் சோதனை போட்டார்கள். ஆலன் ஸ்வான்சன், வில்லி பென்னட் என்ற இரண்டு கறுப்பினத்தவர்கள் மேல் அடுத்தடுத்து சந்தேகம் திரும்பியது. 1990 ஜனவரியில் ஸ்டுவர்ட்டின் தம்பி உண்மையைச் சொல்லிவிட, ஸ்டுவர்ட் டோபின் பாலத்திலிருந்து குதித்துச் செத்தார். இதற்காக நகரம் அந்த இருவரிடமும் முறையாக மன்னிப்புக் கேட்டது 2023 டிசம்பரில், மேயர் மிஷல் வூ காலத்தில். இடையில் 34 வருடம்.

அதே 1990-இல் பாஸ்டனில் 152 கொலைகள். கிராக் கொக்கெய்ன் வியாபாரமும் கோஷ்டிச் சண்டையும் உச்சத்தில் இருந்த நேரம். டார்செஸ்டர், ராக்ஸ்பரி, மாட்டபன் பகுதிகளில் பையன்கள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த தாய்மார்களுக்கு இரண்டு பயம்: பிள்ளையை எதிர்க்கோஷ்டி சுட்டுவிடுமோ, போலீஸ் பிடித்து அடித்துவிடுமோ. பிளவு என்று நாம் சுலபமாகச் சொல்வது இதைத்தான். பக்கத்து வீட்டில் கொலை நடந்தால் கூட, யார் செய்தது என்று தெரிந்தவர்களும் போலீஸிடம் போய்ச் சொல்ல மாட்டார்கள்.

சபைகளும் அப்போது பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை புறநகரிலிருந்து காரில் வந்து ஆராதித்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். டார்செஸ்டரில் ஊழியம் செய்த போதகர் யூஜின் ரிவர்ஸிடம் ஒரு போதைப்பொருள் வியாபாரி இதை நேருக்கு நேர் சொன்னதாக ரிவர்ஸே பல இடங்களில் பேசியிருக்கிறார். பையன் பள்ளிக்குப் போகும்போது தெருவில் நான் நிற்கிறேன், திரும்பி வரும்போதும் நான் நிற்கிறேன், பாட்டிக்கு ரொட்டி வாங்க வரும்போதும் நான் நிற்கிறேன், நீங்கள் இல்லை, அதனால் நான் ஜெயிக்கிறேன் என்பது அந்த ஆளின் கணக்கு. ஒரு போதகருக்கு இதைவிடக் கூர்மையான பிரசங்கம் யாரும் செய்திருக்க முடியாது.

1992 மே மாதம் மாட்டபனில் உள்ள மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் ஆலயத்தில் ஓர் இளைஞனின் அடக்க ஆராதனை. துக்கத்துக்கு வந்திருந்த ஒரு பையனை ஒரு கோஷ்டி ஆலயத்துக்குள்ளேயே, சபையார் கண் முன்னால் அடித்துக் கத்தியால் குத்தியது. தெருவுக்குப் போகாத சபையைத் தேடித் தெருவே உள்ளே வந்துவிட்டது. இதற்குப் பிறகுதான் ரிவர்ஸ், மருத்துவராக இருந்து போதகரான ரே ஹாமண்ட், கேம்பிரிட்ஜ் யூனியன் பாப்டிஸ்ட் சபையின் ஜெஃப்ரி பிரவுன் முதலியோர் ஒன்றுசேர்ந்து பத்து அம்சத் திட்டம் ஒன்றை வெளியிட்டார்கள். 'டென்பாயிண்ட்' கூட்டமைப்பு என்ற பெயர் அதிலிருந்து வந்தது. ஒவ்வொரு சபையும் ஒரு கோஷ்டியைத் தத்தெடுக்க வேண்டும். நீதிமன்றத்தில் பிள்ளைகளுக்காக நிற்க ஆட்களை அனுப்ப வேண்டும். புறநகர்ச் சபைகள் பணத்தோடும் ஆட்களோடும் வந்து சேர வேண்டும். இப்படிப் போகும் அந்தத் திட்டம்.

ஆனால் வேலை செய்தது காகிதம் இல்லை, நடை. வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குக் கிளம்பி 2 மணி வரை தெருவில் நடந்தார்கள். முதல் சில வாரங்கள் பையன்கள் இவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை, தூரத்திலிருந்து கவனித்தார்கள். இவர்கள் பிரசங்கம் செய்ய வந்தவர்களா, டிவிக்காக வந்தவர்களா, போலீஸின் ஆட்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். திரும்பத் திரும்ப வந்த பிறகுதான் வாய் திறந்தார்கள். போதகர்களும் போதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். தாங்கள் நினைத்துவைத்திருந்த கொடூரர்கள் அங்கே அதிகம் பேர் இல்லை, பெரும்பாலும் பயந்துபோன பையன்கள்தான் என்று பிரவுன் பின்னாளில் சொன்னார்.

இனி போலீஸ் பக்கம். இந்தப் போதகர்கள் போலீஸின் நண்பர்களாக ஆரம்பிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். குறிப்பாக ரிவர்ஸ், போலீஸை வெளிப்படையாகத் திட்டியவர். பையன்களுக்காக நீதிமன்றத்தில் வந்து நின்று போலீஸுக்கு எரிச்சலூட்டியவர். பிறகு அவர் வீட்டுக்குள்ளேயே துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. தெருவில் திரிகிற எல்லாப் பையனையும் அன்பால் மட்டும் திருத்திவிட முடியாது, சிலரைப் பிடித்து உள்ளே வைக்கத்தான் வேண்டும் என்று அவர் ஒத்துக்கொண்டார். போலீஸ் பக்கத்தில் கோஷ்டிக் குற்றப் பிரிவில் இருந்த சிலரும், கறுப்பினப் பையன் என்றாலே சந்தேகம் என்ற பழைய முறை பயனற்றது என்று உணர்ந்திருந்தார்கள். அப்படித்தான் இரண்டு பக்கமும் நெருங்கின.

அதில் எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் இருந்தது. இதை ஆராய்ந்த ஹார்வர்டு சமூகவியலாளர் கிறிஸ்டஃபர் வின்ஷிப்பும் ஜென்னி பெரியனும் விளக்கியிருக்கிறார்கள். உண்மையிலேயே ஆபத்தான சிலரைக் கைது செய்தால் போதகர்கள் எதிர்க்க மாட்டார்கள். அந்தச் சிலர் யார் என்று பிரித்துப் பார்க்கவும் உதவுவார்கள். மற்றப் பிள்ளைகளை என்ன செய்வது என்ற முடிவில் அவர்களுக்கும் குரல் வேண்டும். போலீஸ் கண்மூடித்தனமாக அடித்தால், அவமானப்படுத்தினால், நேரே பத்திரிகைக்குப் போவார்கள். போலீஸுக்குப் போதகர்கள் கொடுத்தது ஒரு நம்பிக்கைக் குடை என்கிறார் வின்ஷிப். நியாயமாக நடக்கும்வரை குடைக்குள் இடம், வரம்பு மீறினால் குடை மூடிக்கொள்ளும். என்னைக் கேட்டால் பாஸ்டனின் ரகசியமே அந்தக் கடைசி நிபந்தனையில்தான் இருக்கிறது. எப்போதும் விரிந்தே இருக்கிற குடையை எந்தப் போலீஸ் துறையும் மதிக்காது, எந்தத் தாயும் நம்ப மாட்டாள்.

சோதனை சீக்கிரமே வந்தது. 1994 மார்ச்சில் போலீஸின் ஆயுதப் படை போதைப்பொருள் தேடி ஒரு வீட்டுக் கதவை உடைத்தது. தவறான வீடு. உள்ளே இருந்தவர் ஆக்ஸிலின் வில்லியம்ஸ், 75 வயது, ஓய்வுபெற்ற மெதடிஸ்ட் போதகர், கறுப்பினத்தவர். துரத்திப் பிடித்து விலங்கு மாட்டினார்கள், மாரடைப்பில் இறந்துபோனார். வேறொரு காலமாக இருந்தால் துறை வாயை மூடிக்கொண்டிருக்கும், நகரம் பற்றி எரிந்திருக்கும். போலீஸ் ஆணையர் பால் எவன்ஸ் உடனே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். போதகர்கள் நடந்த அநியாயத்தை அநியாயம் என்றே சொன்னார்கள், பேச்சுவார்த்தையை முறிக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு நகரம் பின்னர் 10 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது. போன உயிர் திரும்பாது. ஆனாலும் தவறை ஒத்துக்கொள்கிற வாய் போலீஸுக்கும் இருக்கிறது என்று அந்த மக்கள் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

1996 மே மாதம் 'ஆபரேஷன் சீஸ்ஃபயர்' தொடங்கியது. கோஷ்டிப் பையன்களை நீதிமன்றக் கட்டிடத்துக்கு வரவழைத்து, போலீஸ், அரசு வழக்கறிஞர்கள், நன்னடத்தை அதிகாரிகள், போதகர்கள் எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்து பேசினார்கள். சுட்டால் மொத்தக் கோஷ்டி மேலும் நடவடிக்கை பாயும். விட்டுவிட்டு வர நினைத்தால் வேலைக்கும் படிப்புக்கும் நாங்கள் இருக்கிறோம். முதல் பாதியைப் போலீஸ் சொன்னது, இரண்டாம் பாதியைப் போதகர்கள் சொன்னார்கள், அதுவும் வெள்ளிக்கிழமை இரவுகளில் பழகிய அதே முகங்கள். 1995 நடுவிலிருந்து கிட்டத்தட்ட இரண்டரை ஆண்டு காலம் அந்த நகரத்தில் 17 வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளைகூடத் துப்பாக்கியால் கொல்லப்படவில்லை. 1999-இல் மொத்தக் கொலைகள் 31. நாடு முழுவதுமே அந்த வருடங்களில் குற்றம் குறைந்தது உண்மை. முழுப் பெருமையும் சபைகளுக்குச் சேராது. ஆனால் 152-இலிருந்து 31-க்கு இறங்கியதில் அவர்கள் பங்கு சிறியது இல்லை.

அப்புறம் அது நிலைத்ததா? நிலைக்கவில்லை. 2000-க்குப் பிறகு சீஸ்ஃபயர் கைவிடப்பட்டது, ஆட்கள் மாறினார்கள், போதகர்களுக்குள்ளேயே மனத்தாங்கல். 2005-இல் கொலைகள் 75 ஆயின. பிறகு மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. தெரு நடையை நிறுத்தினால் உறவும் நின்றுவிடும். போன தலைமுறை சேர்த்துவைத்த நம்பிக்கையை வட்டிக்கு விட்டுச் சாப்பிட முடியாது.

இனி வேதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கேள்வி விசுவாசத்தைப் பற்றியது. ஒப்புரவாகுதல் என்று பேசும்போது நாம் எபேசியர் இரண்டாம் அதிகாரத்தில் கிறிஸ்து தகர்த்ததாகச் சொல்லப்படும் நடுச்சுவரைத் தொடுவோம், நல்ல வசனம்தான். ஆனால் இந்த விஷயத்துக்கு நான் போவது அப்போஸ்தலர் 16. பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரணையே இல்லாமல் வஸ்திரங்களைக் கிழித்து அடித்துச் சிறையில் போட்டார்கள். அவர்கள்மேல் வந்த குற்றச்சாட்டே "யூதர்களாயிருக்கிற இந்த மனுஷர்" என்றுதான் தொடங்குகிறது. இனத்தைச் சொல்லித்தான் கூட்டத்தைக் கிளப்பினார்கள். அந்த இரவில் சிறைச்சாலைக்காரன் மனந்திரும்பினான். அவன் செய்த முதல் காரியம் அவர்கள் காயங்களைக் கழுவியது. ஞானஸ்நானம் அதற்கு அப்புறம்தான். மறுநாள் காலை அதிகாரிகள், சத்தமில்லாமல் போய்விடுங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். பவுல் போகவில்லை. "இப்பொழுது இரகசியமாய் எங்களை விடுதலையாக்குகிறார்களோ? அப்படியல்ல, அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்து விடட்டும்" என்றார். அவர்களும் வந்து வேண்டிக்கொண்டு வெளியே கூட்டிப்போனார்கள்.

முந்தின இரவு அந்தச் சிறைச்சாலைக்காரனின் உயிரைக் காப்பாற்றியவர் பவுல். அவன் வீட்டில் சாப்பிட்டவர். தனி மனிதனிடம் இவ்வளவு அன்பு. அதே பவுல் மறுநாள் நிர்வாகத்திடம் பகிரங்கமாகப் பொறுப்பேற்கச் சொல்கிறார். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. பிராண்டும் அலிசனும் சேர்ந்தால் பவுல்.

மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் என்ற ஊரில் இதன் ஒரு பாதி நடந்தது. 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது இளைஞன் போலீஸ் சுட்டு இறந்த எட்டாம் நாள், நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி ரான் ஜான்சன் கிரேட்டர் கிரேஸ் ஆலயத்தில் சீருடையோடு ஏறி நின்று, இந்தச் சீருடையை அணிந்திருக்கிற நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். அவரும் கறுப்பினத்தவர், அவர் சுடவில்லை, சுட்டவர் அவர் துறைக்காரரும் இல்லை. சபை எழுந்து நின்றது. ஆனால் அடுத்த மார்ச்சில் மத்திய நீதித்துறை வெளியிட்ட அறிக்கை வேறொன்றைக் காட்டியது. அந்த ஊரில் கறுப்பினத்தவர்கள் 67 சதவீதம். கைதானவர்களில் 93 சதவீதம். அபராதப் பணத்தை நம்பியே நகராட்சி பட்ஜெட் போட்டுக்கொண்டிருந்தது, அதற்காகப் போலீஸை முடுக்கிவிட்டது. பட்ஜெட்டில் இருக்கிற பாவத்துக்கு மேடையில் அழுதால் போதாது, பட்ஜெட்டை மாற்ற வேண்டும். பைபிளில் சகேயு என்ற வரி வசூலிப்பவன் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுத்தான் அல்லவா, அந்த மாதிரி.

வெள்ளையர் சபைகள் இந்த இடத்தில்தான் வரலாறு நெடுகத் தடுக்கி விழுந்திருக்கின்றன. 1963-இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் எட்டு மதகுருமார், ஒரு யூத ரபி உட்பட, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை நிறுத்தச் சொல்லி அறிக்கை விட்டார்கள். ஒழுங்கைக் காத்ததற்காகப் போலீஸைப் பாராட்டவும் செய்தார்கள். சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய பதிலில், ஆயுதமில்லாத மக்கள்மேல் போலீஸ் நாய்கள் பாய்ந்ததைப் பார்த்திருந்தால் இப்படிப் பாராட்டியிருப்பீர்களா என்று கேட்டார். அந்த மதகுருமார் கெட்டவர்கள் இல்லை, கலவரம் வேண்டாம் என்று நினைத்தவர்கள். அடிபடுகிறவனிடம் போய்க் கேட்காமலே சமாதானம் பேச உட்கார்ந்ததுதான் அவர்கள் பிழை.

போலீஸின் வலியையும் சொல்லாவிட்டால் இது பாதிப் பதில். பேட்டன் ரூஜ் நகரத்தில் மான்ட்ரல் ஜாக்சன் என்ற கறுப்பினப் போலீஸ் அதிகாரி இருந்தார். 2016 ஜூலையில் அவர் ஊரில் ஆல்டன் ஸ்டெர்லிங்கைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதே வாரம் டல்லாஸில் ஐந்து போலீஸ்காரர்களை ஒருவன் சுட்டுக் கொன்றான். ஜாக்சன் ஃபேஸ்புக்கில் எழுதினார்: சீருடையில் இருந்தால் வெறுப்போடு பார்க்கிறார்கள், சீருடை இல்லாவிட்டால் என்னையே ஆபத்தானவன் என்கிறார்கள். யாராக இருந்தாலும், போராட்டக்காரராக இருந்தாலும் போலீஸாக இருந்தாலும், ஓர் அணைப்போ ஒரு ஜெபமோ வேண்டுமென்றால் நான் இருக்கிறேன் என்றும் எழுதினார். பத்து நாளுக்குள் அவரும் இரண்டு சக அதிகாரிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவருக்கு நான்கு மாதக் குழந்தை. இப்படிப்பட்ட போலீஸ்காரர்கள் அமெரிக்கச் சபைகளில் ஞாயிறுதோறும் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கள் துறையின் தவறை வெளியே சொன்னால் சக அதிகாரிகள் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயத்தோடு வேலை செய்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் பக்கம் நிற்பதுதான் சபை அவர்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி. வருடத்துக்கு ஒருமுறை மேடைக்கு அழைத்துச் சால்வை போடுவதைவிட இது கஷ்டம்.

உங்கள் தமிழ்ச் சபை என்ன செய்யலாம்? 'அந்தப் பக்கம் போகாதே' என்று நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அந்தப் பக்கத்தில் உள்ள ஒரு கறுப்பினச் சபைக்குப் போய் ஆராதியுங்கள். ஒரு நாள் போய்ப் போட்டோ எடுத்துவிட்டு வருவதற்கு இல்லை, மாதாமாதம். உங்கள் திட்டம் எதையும் கொண்டுபோகாதீர்கள்; அவர்கள் ஏற்கெனவே நடத்துகிற வேலை நிச்சயம் ஏதாவது இருக்கும், அதில் சேருங்கள். நம் சபைகளில் கணக்கர்கள், கணினிக்காரர்கள், டாக்டர்கள் நிறைய. நீதிமன்றத்துக்குத் தனியாகப் போகிற பையனோடு ஒரு நாள் லீவு போட்டுக் கூடப் போக ஆள் கிடைப்பதுதான் அரிது.

பிறகு உங்கள் ஊர்ப் போலீஸ் தலைவரைப் பாருங்கள். மரியாதையாகப் பேசுங்கள், அவர் ஆட்களுக்காக ஜெபியுங்கள். அதோடு கேளுங்கள்: வண்டிகளை நிறுத்திச் சோதிப்பதில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்ற கணக்கை வெளியிடுகிறீர்களா? உங்கள் அதிகாரி மேல் புகார் வந்தால் விசாரிப்பவர் யார்? முடிவு புகார் கொடுத்தவருக்குத் தெரிவிக்கப்படுகிறதா? இந்தச் சந்திப்பைத் தனியாக நடத்தாதீர்கள். அந்தக் கறுப்பினச் சபையின் போதகர் போகும்போது கூடப் போங்கள், அவர் பேசட்டும்; பதில் வரவில்லை என்றால் அடுத்த மாதமும் அவரோடு போங்கள்.